டேப் ஒட்டிய பிறகு

1

இந்தக் கதை ஒரு துண்டறிக்கையில் பிறந்தது. குடிமக்கள் பாதுகாப்புத் திட்ட அலுவலகத்தில் என் அக்காவுக்கு வேலை. நச்சுவாயுத் தாக்குதல் நடந்தால் மக்கள் என்ன செய்ய வேண்டும் என்று விதிகள் எழுதுவார். "நான் எழுதினா யாருக்கும் புரியலையாம். நீ கதை எழுதுறவன்தானே, கொஞ்சம் மனுஷங்க பேசுற மாதிரி மாத்திக் கொடு" என்றார். அதில் ஒரு வரி: 'கதவின் இடுக்குகளை டேப்பால் ஒட்டிய பிறகு எவருக்காகவும் திறக்கக் கூடாது.' அந்த 'எவருக்காகவும்' என்னை நகரவிடவில்லை.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: அபாயச் சங்கு ஊதியபோது வானம்...

(வேண்டாம். வானத்தைப் பார்க்க அங்கே யாருக்கும் நேரமில்லை.)

அலுவலகத்தில் ஒத்திகை. அக்காதான் பொறுப்பு. எல்லாரையும் ஜன்னலில்லாத கோப்பு அறைக்குள் அனுப்பி, தன் கையாலேயே கதவை ஒட்டினார். வெளியே தட்டும் சத்தம். அத்தான். அதே அலுவலகத்தில் ஓட்டுநர். வண்டியை நிறுத்திவிட்டு வரத் தாமதமாகிவிட்டது.

"நான்தாம்மா. திற."

அக்கா டேப்பைக் கிழித்துத் திறந்துவிட்டார்.

"உள்ள இருந்த எல்லாரும் செத்துட்டீங்க" என்றார் மேற்பார்வையாளர்.

"ஒத்த ஆளா மொத்த ஆபீஸையும் காலி பண்ணிட்டேனே!" என்றார் அத்தான். எல்லாரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

3

(இந்த இடத்தில் அக்காவை அழவைத்திருந்தேன். அந்த வரியை அடித்துவிட்டேன். அவர் எரிந்து விழுகிற ஆளே தவிர அழுகிற ஆள் இல்லை.)

அடுத்த ஒத்திகையில் மேற்பார்வையாளர் வேண்டுமென்றே அத்தானை வெளியே நிறுத்தித் தட்டச் சொன்னார். அத்தான் விளையாட்டாகத்தான் தட்டத் தொடங்கினார். பிறகு பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பிறகு நிறுத்திவிட்டார். அக்கா திறக்கவில்லை. எல்லாரும் பாராட்டினார்கள். வீடு வரும்வரை வண்டியில் இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லையாம். அதைக் கேட்டபோது எனக்குப் பயமாக இருந்தது.

4

முடிவு ஒன்று: அக்கா வேலையை விட்டுவிடுகிறார். (பொய். விடமாட்டார்.)

முடிவு இரண்டு: அத்தான் அவரை மன்னித்து... (எதற்கு மன்னிப்பது? சரியாகச் செய்ததற்கா?)

நடந்ததையே சொல்லிவிடுகிறேன். அந்த இரண்டாம் ஒத்திகை நடந்த அன்று இரவு, அவர்கள் சாப்பிடும்போது நானும் இருந்தேன்.

"நான் உள்ள இருந்து, நீ வெளிய நின்னு தட்டினா என்ன பண்ணணும்?" என்று கேட்டார் அத்தான்.

"திறக்காதீங்க." அக்கா யோசிக்கவே இல்லை.

பிறகு, தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டார்: "திறக்க மாட்டீங்கதானே?"

அத்தான் பதில் சொன்னார். என் காதில் விழுந்தது. அதை எழுத மாட்டேன். உங்கள் வீட்டில் உள்ளவரிடம் கேட்டு, இதன் கீழே நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.