விளைந்த வயலில் மோட்டார்

கூட்டம் எங்கே நடக்கிறது என்று கம்பெனிக்கு எப்படித் தெரிகிறது? வானதிக்கு இது ஒன்றுதான் பிடிபடவில்லை.

செல்போனை வீட்டிலேயே வைத்துவிட்டுத்தான் வருவார்கள். இடத்தை அன்று மதியம்தான் சம்பா ஆளாளுக்கு நேரில் சொல்வார். ஒவ்வொரு முறையும் வேறொரு மோட்டார் கொட்டகை. மோட்டாரை ஓடவிட்டுப் பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கே பாதிதான் காதில் விழும். அப்படியும் பேச்சு முடிவதற்குள் கம்பெனி ஜீப் சாலை வளைவில் வந்து நின்றுவிடுகிறது.

நிலத்தை வளைத்துப்போட வந்த கம்பெனி நடும் எல்லைக் கற்களைப் பிடுங்கி ஆற்றில் போடுகிறவர்கள் அவர்கள். தலைமைக்கு நான்கு பேர். சொந்தப் பெயர் கேட்கக்கூடாது. நெல் பருவங்களின் பெயர்தான். சம்பா தலைவர். வானதி குறுவை. இன்னும் இருவர் தாளடி, நவரை.

இப்போது நவரை இல்லை. நமக்குள்ளேயே யாரோ காட்டிக்கொடுக்கிறார்கள் என்ற சந்தேகம் புரட்டாசியிலும் வந்தது. நவரையைக் கம்பெனி வாசலில் யாரோ பார்த்ததாகச் சொன்னார்கள். கொள்ளிடம் பக்கம் காரில் அழைத்துப் போனார்கள்; அவர் திரும்பவில்லை. அதன்பிறகு மார்கழி முடியும்வரை ஜீப் வரவே இல்லை. சரியான ஆளைத்தான் பிடித்தோம் என்றார் சம்பா. தை பிறந்ததும் ஜீப் மறுபடி வந்தது.

"தாளடியோட மச்சான் கம்பெனியில டிரைவராம்," என்று இன்று காலையில் சம்பா வானதியிடம் சொல்லியிருந்தார். "சாயந்தரம் அவனைக் கொள்ளிடம் கூட்டிட்டுப் போறோம். நீயும் வரணும்."

ஊருக்கு வானதி அறுவடை மெஷின் ஏற்பாடு செய்து தருகிறவள். மதியம் குடவாசல் பக்கம் ஒரு வயலில் மெஷினை இறக்கிய டிரைவர் நௌஷாத், இறக்கிய வேகத்தில் பின்னால் எடுத்தான். பெல்ட் முழுக்கச் சேறு.

"அக்கா, மெஷினை இறக்கச் சொன்னீங்களா, தோணியை இறக்கச் சொன்னீங்களா?"

"காய்ஞ்சுதானேடா கிடந்துச்சு?"

"எவனோ மோட்டாரைப் போட்டிருக்கான். அறுக்கப்போற வயலுக்குத் தண்ணி பாய்ச்சுன அந்தப் புத்திசாலியைக் காட்டுங்க, கும்பிட்டுட்டுப் போறேன். அங்க பாருங்க, ஊர்க் கொக்கெல்லாம் இங்கதான்."

அந்தப் புத்திசாலிகளில் அவளும் ஒருத்தி. முந்தாநாள் கூட்டம் இந்த வயலின் மோட்டார் கொட்டகையில்தான். வாய்க்கால் ஓரம் வெள்ளையாக அப்பியிருந்த கொக்குகளை அவள் வெறித்துப் பார்த்தாள்.

நெல் பால் பிடிக்கும்வரைதான் வயலில் தண்ணீர் நிற்க வேண்டும். மணி முற்றியதும் வடித்துவிடுவார்கள். மண் இறுகி வெடிக்கும். பூச்சியும் புழுவும் வெடிப்புக்குள் இறங்கிவிடும். அந்த வெடிப்பில் தண்ணீர் விட்டால் அத்தனையும் மேலே வரும். கண்ட கொக்கெல்லாம் அங்கே கூடும். கார்த்திகையில் காணும் இடமெல்லாம் ஈரம், எங்கும் மோட்டார் சத்தம், கொக்கும் சிதறிக் கிடக்கும். அறுப்புக் காலத்தில் அப்படியல்ல. ஒரே ஒரு மோட்டார் சத்தம், ஒரே இடத்தில் கொக்குக் கூட்டம். கம்பெனி காவலுக்கு வைத்திருப்பதும் இந்த ஊர் ஆட்களைத்தான். சாலையில் நின்று பார்த்தால் போதும். யாரும் காட்டிக்கொடுக்க வேண்டியதில்லை. விளைந்த வயலுக்கு மெஷின் வரும்வரை ஆள் வரமாட்டார்கள், அதுதான் மறைவு என்று நினைத்திருந்தார்கள்.

புரட்டாசியிலும் குறுவை அறுப்பு நடந்துகொண்டிருந்தது. அது முடிந்ததால்தான் ஜீப் நின்றது, நவரை போனதால் அல்ல.

வானதி ஸ்கூட்டியைப் பாபநாசத்துக்கு விரட்டினாள். சம்பாவின் உரக்கடைக்கு முன்னால் கார் ஆட்களோடு தயாராக நின்றது. உள்ளே குடோனில் தாளடி மூட்டைமேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"வாங்க குறுவை. எங்கயோ போகணுமாம். எங்கன்னு கேட்டா அண்ணன் சொல்ல மாட்டேங்குறாரு. பொண்ணு கிண்ணு பாத்துட்டாரோ என்னவோ."

"போக வேண்டாம்ணே," என்றாள் வானதி சம்பாவிடம். மூச்சு வாங்க, கொக்கிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள்.

சம்பா கையிலிருந்த கார் சாவியைப் பார்த்தபடி கேட்டார். தன்னை எங்கே அழைத்துப் போக இருந்தார்கள் என்பது தாளடிக்கு மெல்லப் புரிந்தது. டீ கிளாஸைக் கீழே வைத்தான்.

"அப்ப நவரை?" என்றான்.

வெளியே காரில் இருந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள்.

"இனிமே எங்க கூடணும்?" என்றார் சம்பா, தலையை நிமிர்த்தாமல்.

"அறுக்கப்போற வயல் மோட்டாரைத் தொடவே கூடாது. பின்னால நட்ட பயிர் இன்னும் பச்சையா நிக்குது, அந்த வயலுக்குத் தினமும் தண்ணி ஓடுது. எந்த வயலுக்கு அன்னிக்குத் தண்ணி வேணுமோ, அந்த வயல் மோட்டார் கொட்டகையிலதான் கூடணும்."