குழி வெட்டச் சொன்னவன்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அம்மாவைப் புதைத்த நாளில் என் தங்கை சுதர்ஷினி வானத்தில் இருந்தாள். வளைகுடா நாடொன்றில் ஒரு ஹோட்டலில் துணி வெளுக்கும் வேலை அவளுக்கு. அம்மாவின் முகத்தைக் கடைசியாக ஒரு தடவை பார்க்க வந்துகொண்டிருந்தாள். பார்க்கவில்லை. விமானம் பழுதானதுதான் காரணம் என்று எல்லாரிடமும் சொல்லி வருகிறேன். கதையையும் அப்படித்தான் எழுத உட்கார்ந்தேன்.

(நான் கொட்டகலையில் படிப்பிக்கிறேன். விமானத்தில் ஏறியதே இல்லை. கட்டுநாயக்கா விமான நிலையத்தில் ஒரு தடவை கண்ணாடிக்கு வெளியே நின்று கையாட்டியிருக்கிறேன். இந்த லட்சணத்தில் விமானக் கதை.)

2

முதல் தொடக்கம்: 'முப்பத்தைந்தாயிரம் அடி உயரத்தில் விளக்குகள் ஒவ்வொன்றாக...'

அடித்துவிட்டேன். ஒவ்வொன்றாகவா, ஒரேயடியாகவா என்று எனக்குத் தெரியாது. எங்கள் பாடசாலையில் பௌதிகவியல் படிப்பிக்கும் யாழ்ப்பாணத்துப் பேரின்பநாயகம் சேரிடம் கேட்டேன்.

"ரெண்டு ஜெனரேட்டரும் நிண்டிட்டா பிறகு பற்றரிதான். ஒரு அரை மணித்தியாலம் தாங்கும். சாப்பாடு சூடாக்கிறது, படம் காட்டுறது, உள் லைற், எல்லாத்தையும் நிப்பாட்டிப் போட்டு ரேடியோவையும் முக்கியமான மீற்றர் ரெண்டு மூண்டையும் மட்டும் வச்சிருப்பினம்."

"எத நிப்பாட்டுறதுன்னு யாரு சேர் முடிவு பண்றது?"

"அது புத்தகத்தில வரிசையா இருக்கும். விமானி அதை வாசிச்சு வாசிச்சுச் செய்யிறதுதான்."

அந்தப் புத்தகத்தின் மேல் எனக்கு வந்த பொறாமையை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது.

3

விமானிக்குக் குகநேசன் என்று பெயர் வைத்தேன். நெற்றியில் வியர்வை வைத்தேன். சட்டைப் பையில் பிள்ளைகளின் படம் வைத்தேன். பிறகு எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். அந்த மனிதர் செய்ய வேண்டியதைச் செய்து, வழியில் இருந்த ஏதோ ஒரு நகரத்தில் விமானத்தை இறக்கினார். ஒருவருக்கும் கீறல் இல்லை. எல்லாரும் கைதட்டினார்களாம். குற்றம் செய்யாத ஆளை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

அடுத்து, சுதர்ஷினி இருட்டில் கைகூப்பிக் கடவுளை...

அதுவும் பொய். தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பக்கத்துக் காம்பரா ஜீவராணியிடம் அவள் பிறகு சொன்னது இவ்வளவுதான்: "லைட்டெல்லாம் போச்சு. நா சாமியே கும்புடலக்கா. கைக்கடியாரத்தையே பாத்துக்கிட்டிருந்தேன்."

4

ஆகவே தரைக்கு வருகிறேன்.

ஹட்டனில் சவ அடக்கம் பார்க்கும் மலர்ச்சாலையில் மருந்தேற்றிக் கொண்டுவந்த உடல். இன்னும் இரண்டு நாள் வைத்திருக்கலாம் என்றுதான் அங்கே சொன்னார்கள். தங்கையைக் கூட்டிவர விமான நிலையத்தில் வேனோடு நின்ற எங்கள் லயத்துத் திலக்ஷன் காலை எட்டு மணிக்கு அழைத்தான்.

"போர்டுல சரியான டைம்தான் போட்டிருக்குண்ணே. ஒம்பதரைக்கு எறங்கிரும்."

நான் தோட்டத் தலைவர் நல்லமுத்துவிடம் திரும்பி, "குழி வெட்டச் சொல்லுங்க" என்றேன்.*

பதினொரு மணிக்குத் திலக்ஷன் மறுபடியும். "பிளேன்ல கரண்ட் கோளாறாம்ணே. எங்கயோ திருப்பிட்டாங்களாம். எறங்குச்சா இல்லையான்னே இங்க யாருக்கும் தெரியல. ஒரு அம்மா கெடந்து அழுவுது..."

அத்தோடு தொடர்பு போயிற்று. முந்திய நாள் மழையில் லைன் அறுந்து தோட்டத்தில் கரண்ட் இல்லை. பற்றரியில் ஓடிக்கொண்டிருந்த போன் டவரும் நின்றுவிட்டது.

ஆட்டோவில் இருபது நிமிடம் போனால் கொட்டகலை டவுன். அங்கே சிக்னல் இருந்திருக்கும். யாரையும் நான் அனுப்பவில்லை. என்ன செய்தி வருமோ என்று பயந்தேன்.

* முதல் இரண்டு பிரதிகளில் இதை நல்லமுத்து சொல்வதாக எழுதியிருந்தேன். அவர் சொல்லவில்லை. அவசரப்பட்டவன் நான்.

5

நாலு மணிக்கு நல்லமுத்து பக்கத்தில் வந்தார்.

"மாஸ்டர், பனி எறங்கிருச்சு. வெட்டுன குழிய ராவைக்கு வெறுமனே விடக்கூடாதுங்க. இன்னொரு ஆளக் கேக்கும்."

"தங்கச்சி வரணுமே."

அவர் குரலைத் தாழ்த்தினார். "வரும்னு நெனக்கிறீங்களா?"

பெட்டியை மூடச் சொன்னேன். மேட்டுக்குத் தூக்கிப் போனோம். முதல் பிடி மண்ணை நான்தான் போட்டேன்.

6

ஓடையில் குளித்துவிட்டு லயத்துக்கு ஏறும்போது டவர் உயிர்பெற்றது. தெரியாத இலக்கம் ஒன்று.

"அண்ணே, நாங்க எறங்கிட்டோம். யாருக்கும் ஒண்ணுமில்ல. நம்ம போன் இங்க வேல செய்யல, வேறொருத்தரு போன்ல பேசுறேன். அம்மாவ வச்சிருங்கண்ணே. நாளக்கிக் காலையில வந்துருவேன்."

என் தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"சரி, வா" என்றேன்.

(இந்த இடத்தில் வேறு எதையாவது சொல்ல வைக்க ஒன்பது தடவை முயன்றேன். ஒன்றும் நிற்கவில்லை. சொன்னது அதுதான்.)

மறுநாள் வந்தவள், லயத்து வாசலில் திருப்பிக் கொடுக்க அடுக்கி வைத்திருந்த வாடகைக் கதிரைகளைப் பார்த்தாள். அழவில்லை. என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"நா செத்துட்டேன்னு நெனச்சிட்டியாண்ணே?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை.

7

முடிவு ஒன்று. நான் சொல்கிறேன்: "இல்ல சுதா. வெறுங்குழி ஒன்னக் கேட்டுருமோன்னு பயந்துதான் மூடுனேன். ஒன்னக் காப்பாத்தத்தான்."

அழகான காரணம். அதுதான் சந்தேகம். மூன்றாவது பிரதி எழுதும்போதுதான் இது எனக்குத் தோன்றியது. மண்ணைக் கையில் எடுத்தபோது மனதில் இருந்ததா, இல்லை எழுதி எழுதி நானே உண்டாக்கிக்கொண்டதா? சத்தியமாகத் தெரியவில்லை.

முடிவு இரண்டு. நான் சொல்கிறேன்: "ஆமா."

அதற்கு அடுத்த வாக்கியம் வரவே இல்லை.

எதை விட்டு எதை வைத்திருப்பது என்று எழுதிய புத்தகம் விமானிக்கு உண்டு. எனக்கு இல்லை. இரண்டில் ஒன்றை நீங்களே அடித்துவிடுங்கள். மிஞ்சுவதை நான் அவளிடம் சொல்கிறேன். சீக்கிரம் செய்யுங்கள். அம்மாவின் வருஷத் திவசத்துக்கு அவள் வெள்ளிக்கிழமை வருகிறாள், ஒன்பதரை விமானத்தில்.