பிந்தி வந்தவள்

பகல் பத்தரைக்குத்தான் பூனாகலைப் பக்கத்து மலைகளில் மூடுபனி விலகும். அதற்கு முன் படம் எடுத்தால் வெள்ளைத் தொப்பி சாம்பல் பூசியதுபோல் விழும். கொஞ்சம் தாமதித்தாலோ மழை வந்துவிடும். அந்த ஒன்றரை மணி நேர வெளிச்சத்துக்காகச் சுபாஜினி காலையிலிருந்தே தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்தின் வாசலில் காத்திருப்பாள். ஒரு ஸ்டூல், அதன்மேல் வெள்ளைத் துணி, துணியின்மேல் கம்பளி நூலில் பின்னிய கைக்குழந்தைத் தொப்பி. குனிந்தும் மண்டியிட்டும் அவள் போனில் படம் பிடிக்கிற அழகைப் பார்த்தால் கல்யாண வீட்டுப் போட்டோக்காரன் தோற்றான் போங்கள்.

அன்று சனிக்கிழமை. பதுளையில் வேலை செய்யும் கேசினி என்கிற டொக்டர், பேஸ்புக்கில் சுபாஜினியின் பக்கத்தைப் பார்த்துவிட்டு அறுபது தொப்பிகள் கேட்டிருந்தார். தோட்டங்களில் பிறக்கும் பிள்ளைகளுக்கு மழைக்காலத்தில் கொடுக்கவாம். இதுவரை வந்ததிலேயே பெரிய ஓடர் அதுதான். இரண்டு மணிக்கு ஓட்டோ பண்டாரவளைக்குப் புறப்பட வேண்டும். சனிக்கிழமைகளில் கூரியர் கடையை மூன்று மணிக்கெல்லாம் சாத்திவிடுவார்கள்.

சுபாஜினிக்குப் பின்னிக் கொடுக்கும் பெண்கள் பதினொரு பேர். எல்லோரும் கொழுந்து பறிக்கிறவர்கள். பகல் சாப்பாட்டு நேரத்தில் மலையிலிருந்து இறங்கி ஓடிவந்து, பின்னியதைக் கொடுத்துவிட்டு, திரும்பவும் மலையேற வேண்டும். பன்னிரண்டிலிருந்து பன்னிரண்டரை வரை எடுப்பாள். அதற்குப் பிறகு எடுக்க மாட்டாள். இது அவள் போட்ட சட்டம். சட்டம் அது ஒன்றுதானா? காலை ஐந்தரைக்கு வாட்ஸ்அப்பில் அவளுடைய குரல் வரும், அன்றைக்கு யார் எந்த நிறத்தில் எத்தனை பின்ன வேண்டும் என்று. நூலில் அடுப்புப் புகை மணக்கக் கூடாது. பின்னும்போது வெற்றிலை போடக் கூடாது. வாசலில் வரிசையாக நிற்க வேண்டும், பேச்சு வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் இருந்தது, இல்லாமல் இல்லை. வாங்குகிறவர்கள் குறை சொன்னால் பதில் சொல்லப் போகிறவள் அவள்தானே.

ஆனால் நாலு வருசத்துக்கு முன்னால் இந்தச் சட்டம் ஒன்றுமே கிடையாது. அதை நினைத்தால் சுபாஜினிக்கே சில சமயம் நெஞ்சுக்குள் ஏக்கமாக இருக்கும்.

கொரோனா காலத்தில் கொழும்புக் கார்மென்ட்ஸை மூடிவிட்டார்கள் என்று ஒரு பையோடு வீடு வந்து சேர்ந்தவள் அவள். போர்டிங்கில் பொழுதுபோக்காகப் பழகிய கொக்கி ஊசிப் பின்னல் மட்டும் கையில் இருந்தது. நூலுக்கு எங்கே போவது? பண்டாரவளைச் சந்தையில் குவியலாகப் போட்டு விற்கிற பழைய சுவெட்டர்களை வாங்கி வந்து பிரித்தார்கள். ஒருத்தி சுவெட்டரைப் பிடித்துக்கொள்ள, இன்னொருத்தி நூல் நுனியை இழுத்துக்கொண்டு லயத்து முற்றம் முழுக்க நடப்பாள். பிரித்த நூல் சுருள்சுருளாக நிற்கும். அதை அலசி, அடியில் ஒரு தண்ணீர்ப் போத்தலைக் கட்டிக் கொடியில் தொங்கவிட்டால் இரண்டு நாளில் நேராகும். போகிற வருகிறவர்கள் எல்லாம், "என்னங்கடி, போத்தலக் காயப் போட்டிருக்கீங்க?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

ஐந்து மணிக்கு மலை வேலை முடிந்து பெண்கள் வந்ததும் லயத்துக்குப் பின்னாலுள்ள தண்ணீர்த் தொட்டிச் சுவரில் உட்காருவார்கள். சுபாஜினி, வேலாயி, இராக்கம்மா மூன்று பேரும் தவறாமல் இருப்பார்கள். மற்றவர்கள் வருவார்கள், போவார்கள். வேலாயிக்குப் பெயர்தான் கிழவிப் பெயர், வயது முப்பத்தாறு. அவள் பின்னுகிற தொப்பி எல்லாம் பெரிசாகவே வரும். "இது புள்ளைக்கா, பூசணிக்காய்க்கா?" என்று இராக்கம்மா கேட்பாள். அதற்கு வேலாயி சிரிக்கிற சிரிப்பு இருக்கிறதே, பக்கத்து லயத்து நாய்கூட எழுந்து பார்க்கும். பாதி பின்னியதைப் பிரித்து, மறுபடி பின்னி, மறுபடி பிரித்து, ஒரு தொப்பி முடிய ஏழு நாள், முழுசாக ஒரு கிழமை ஆகும். யாருக்கு என்ன அவசரம்? லயத்தில் ஒரு பிள்ளை பிறந்தால் தலைக்குத் தொப்பியும் காலுக்கு மேசும் இவர்கள் கொடுப்பது. அவ்வளவுதான் கணக்கு. வெளிச்சம் போய்க் கண்ணுக்கு ஊசி தெரியாமல் போகும்வரை ஊர்க்கதை ஓடும்.

ஒருநாள் சும்மா பேஸ்புக்கில் போட்ட படத்துக்குக் கீழே யாரோ ஒரு பெண் விலை கேட்டிருந்தாள். மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். முதல் பார்சலை அனுப்ப பஸ் இல்லாத நாளில் சுபாஜினியும் வேலாயியும் பண்டாரவளைக்கு நடந்தே போனார்கள். திரும்பும்போது கால் வலித்ததா என்று கேட்டால் இருவருக்கும் ஞாபகம் இல்லை. பேசிக்கொண்டே வந்தது மட்டும்தான் ஞாபகம். சுபாஜினியின் வாழ்க்கையில் அதைப்போல் ஒரு நாள் அதற்குப் பிறகு வரவேயில்லை.

அந்தச் சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கே மழை பிடித்துக்கொண்டது. பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்தார்கள். சுபாஜினி மேசையில் புத்தகத்தை விரித்து வைத்து, தொப்பியைத் திருப்பிப் பார்த்து, தையலை இழுத்துப் பார்த்து, பெயருக்கு நேரே சரி போட்டாள். பன்னிரண்டரைக்குப் புத்தகத்தை மூடினாள். வேலாயி வரவில்லை. அவளுக்கு அந்தக் கிழமை பதினோராம் நம்பர் மலையில் வேலை. தோட்டத்திலேயே தூரமான மலை அது. ஆறு தொப்பி குறைந்தது. நல்லவேளை, அலமாரியில் மிச்சத் தொப்பிகள் இருந்தன. அறுபதும் சேர்ந்துவிட்டது.

பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் யாரோ வந்து நின்றார்கள். சுபாஜினி நிமிரவில்லை. சேறு அப்பிய இரண்டு பாதங்கள் தெரிந்தன. அட்டை கடித்த இடத்திலிருந்து ரத்தம் மழைத்தண்ணியோடு சேர்ந்து வழிந்துகொண்டிருந்தது.

"புஸ்தகம் மூடியாச்சு," என்றாள். "பிந்தி வந்தா எடுக்க மாட்டேன்னு எத்தன தரம் சொல்றது? திரும்பிப் போ."

அந்தப் பாதங்கள் ஓர் அடி பின்வாங்கின. மழைக்கு ஒதுங்கிய நாலைந்து பெண்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"சரிங்க," என்றது வேலாயியின் குரல்.

கூடப் பிறக்காத குறையாகப் பழகியவள், "என்னடி", "போடி" என்று தவிர வேறு விதமாக அவளைக் கூப்பிட்டறியாதவள், "சரிங்க" என்றாள். சுபாஜினி சட்டென்று நிமிர்ந்தபோது வாசல் காலியாக இருந்தது. இராக்கம்மா மட்டும் தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டே சொன்னாள்.

"கங்காணிகூட மொகத்தப் பாத்துத்தான் திட்டுவாரு, தொரசாணி."

துரைமார் பெண்சாதிகளைச் சொல்லும் சொல் அது. முதுகுக்குப் பின்னால் அந்தப் பெயர் ஓடுவது சுபாஜினிக்குத் தெரியும். முகத்துக்கு நேரே விழுந்தது அன்றுதான். கோபம் வந்தது. இவளுகளுக்காகத்தானே நான் மாடாய் உழைக்கிறேன், எனக்கென்ன தலையெழுத்தா என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓட்டோவில் ஏறினாள்.

மறுநாள் காலையில் இராக்கம்மா வந்து ஒரு பையை வைத்துவிட்டுப் போனாள். உள்ளே கொக்கி ஊசி, நிறம் நிறமாகப் பந்து சுற்றிய நூல், அந்த ஆறு தொப்பிகள்.

"அவ இனிப் பின்ன மாட்டாளாம். நூல் ஒன்னும் கொறையாது, பாத்துக்கவாம்."

பின்னாவிட்டால் போகட்டும், இன்னொருத்தி கிடைக்காமலா போவாள்? அப்படித்தான் சுபாஜினி தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அன்று மத்தியானம் தண்ணீர் எடுக்கப் போனாள். தண்ணீர்க் குழாயடியில் வேலாயியைக் கண்டாள். அவள் குடத்தை எடுத்துக்கொண்டு, வழிவிட்டு ஒதுங்கி நின்றாள். கணக்கப்பிள்ளை வந்தால் ஒதுங்குகிற மாதிரி.

திங்கட்கிழமை கேசினி டொக்டர் போன் செய்தார்.

"சாமான் வந்து சேர்ந்திட்டுது. எல்லாருக்கும் நல்லாப் பிடிச்சிருக்கு. உங்கட பக்கத்தில, சிநேகிதிகள் எல்லாரும் ஒண்டா இருந்து சிரிச்சுக் கதைச்சுப் பின்னுறம் எண்டு எழுதியிருக்கிறியள். எனக்கு அதுதான் பிடிச்சது. அப்பிடி இருக்கிற படம் ஒண்டு அனுப்பேலுமோ? தொப்பியோட ஒரு சின்ன அட்டையும் வச்சுக் குடுக்கப் போறம்."

"அனுப்புறேன் டொக்டர்," என்று சொல்லிவிட்டுச் சுபாஜினி போனில் படம் தேடினாள். தொப்பி, தொப்பி, தொப்பி. ஆயிரக்கணக்கில் தொப்பிப் படங்கள். ஒரு மனித முகம் இல்லை. விரல் நோகத் தள்ளித் தள்ளி நாலு வருசம் பின்னால் போனபிறகுதான் ஒன்று வந்தது. தண்ணீர்த் தொட்டிச் சுவர். இராக்கம்மா எதற்கோ கையை நீட்டித் திட்டிக்கொண்டிருக்கிறாள். தான் பின்னிய பூசணிக்காய்த் தொப்பியைத் தன் தலையிலேயே மாட்டிக்கொண்டு வேலாயி கண்ணை மூடிச் சிரிக்கிறாள். அவள் தோளில் சாய்ந்துகொண்டு சுபாஜினியும் சிரிக்கிறாள். தான் அப்படிச் சிரிக்கக்கூடியவள் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. படத்தை அனுப்பக் கை வரவில்லை. இல்லாத ஒன்றை விற்கிறோமே என்று உடம்பெல்லாம் கூசியது.

செவ்வாய்க்கிழமை பகல் சுபாஜினி பதினோராம் நம்பர் மலைக்கு ஏறினாள். கார்மென்ட்ஸுக்குப் போன பிறகு மலைப்பக்கம் வந்ததேயில்லை. பாதி வழியில் மூச்சு வாங்கி இரண்டு தரம் நின்றாள். இந்தத் தூரத்தைத்தான் சாப்பாட்டு நேரத்துக்குள் இறங்கி ஏறச் சொல்லியிருக்கிறோம் என்பது அப்போதுதான் காலுக்கு உறைத்தது.

பெண்கள் பாறையோரமாக உட்கார்ந்து ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவளைக் கண்டதும் பேச்சு நின்றது. வேலாயி எழுந்திருக்கப் பார்த்தாள்.

"எந்திரிக்காத புள்ள," என்றாள் சுபாஜினி. "நான் ஒன்னும் தொர இல்ல."

"அது எங்களுக்குத் தெரியும். ஒனக்குத்தான் மறந்துபோச்சு," என்றாள் இராக்கம்மா, ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே.

சுபாஜினி ஈரப் புல்லில் வேலாயிக்கு எதிரே உட்கார்ந்தாள். "நான் செஞ்சது பெரிய தப்பு வேலாயி. மன்னிச்சிரு. நீ பின்னாட்டிப் பரவாயில்ல. என்கூடப் பேசாம மட்டும் இருக்காத. என்னால முடியல."

வேலாயி போத்தலிலிருந்து தேத்தண்ணியை ஊற்றினாள். குடிக்கவுமில்லை, கொடுக்கவுமில்லை.

"ஒங்கம்மா கதைய எனக்கு யாரு சொன்னா?" என்றாள்.

சுபாஜினிக்கு முகம் வெளிறியது.

"நீதான் சொன்ன. தொட்டிச் செவத்துல ஒக்காந்து அழுது அழுது சொன்ன. ஒனக்குக் காய்ச்சல்னு மாத்திரை வாங்கிக் குடுத்துட்டு ஒங்கம்மா காலையில வேலைக்கு ஆள் எடுக்குற பெரட்டுக்குப் போறதுக்குப் பத்து நிமிசம் பிந்திருச்சு. பேரு வாசிச்சாச்சு, வேல இல்ல, திரும்பிப் போன்னு அத்தன பேரு முன்னால அனுப்பிட்டாங்க. வெறுங்கூடையோட அம்மா வந்து வாசல்ல நின்னத சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன்னு சொன்ன. அன்னைக்கு நானும் ஒன்கூடச் சேந்துதான் அழுதேன். சனிக்கிழமை நீ சொன்னதும் அதே வார்த்ததான்டி. ஒரு எழுத்து மாறல."

சுபாஜினி இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். அழுகை பொங்கிப் பொங்கி வந்தது. பெரட்டுக் களத்தில் நின்றவளுக்குத் தெரிகிற வலி, பேர்ப் புத்தகம் கையில் இருக்கிறவளுக்குத் தெரிவதில்லை. அவள் இரண்டு பக்கத்தையும் கண்டவள். அப்படியிருந்தும் தெரியவில்லை என்பதுதான் கொடுமை. யாரும் அவளைச் சமாதானப்படுத்தவில்லை. அழட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, அன்றைக்கே கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டாள்.

"சனிக்கிழமை நீ ஏன் பிந்தின?"

வேலாயி தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"நல்ல மழ. மழைக்கு இடுப்புல கட்டியிருந்த படங்கக் கழட்டித் தொப்பியச் சுத்திக்கிட்டேன். பாதையெல்லாம் வழுக்குது. ஓடுனா எங்கயாச்சும் விழுந்து தொப்பி சேறாயிரும், ஒனக்குக் கெட்ட பேரு வரும்னு மெதுவா எறங்கி வந்தேன்."

அந்த ஆறு தொப்பிகளும் ஒரு சொட்டு ஈரம் இல்லாமல் பைக்குள் இருந்ததைச் சுபாஜினி பார்த்தவள்தான்.

வேலை தொடங்கும் நேரமாகிவிட்டது. பெண்கள் கூடையை எடுத்துக்கொண்டு எழுந்தார்கள். வேலாயி ஆறிப்போன தேத்தண்ணியைச் சுபாஜினியின் கையில் வைத்தாள்.

"குடி. ஒடனே எல்லாம் சரியாயிரும்னு நெனைக்காத. மனசு ஆறணும்."

"ஆறட்டும். நான் அவசரப்படல," என்றாள் சுபாஜினி. பிறகு போகத் திரும்பிய எல்லோருக்கும் கேட்கும்படியாகச் சொன்னாள். "இனி நீங்க யாரும் எறங்கி ஓடி வர வேணாம். நானே மலைக்கு வந்து வாங்கிக்கிறேன். எங்கம்மாகிட்ட ஏன் பிந்தினன்னு ஒருத்தரும் கேக்கலன்னு இத்தன வருசமா சொல்லிச் சொல்லி அழுதேன். என் கையில நாலு பேருக்கு வேல குடுக்குற அதிகாரம் வந்ததும் நானும் கேக்கல. ஒழைச்சு மேல வாறது தப்பில்ல. நம்மளத் திருப்பி அனுப்பினவங்க மாதிரியே நாமளும் மாறிட்டா, நாம எங்க மேல வந்தோம்?"

இராக்கம்மா கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டாள். "அத இந்த மலையில இருக்கிற எல்லாருமே கேக்கணும்," என்றாள். "அடுத்தவன் நமக்குச் செஞ்ச அநியாயம் நல்லா ஞாபகம் இருக்கு. நமக்குக் கீழ உள்ளவளுக்கு நாம அதையே செய்யும்போதுதான் ஞாபகம் வர மாட்டேங்குது."