மின்னொளி வேந்தருக்கு வந்த போன்

என் வீட்டுக்காரர் சேட்டுவுக்கு எலக்ட்ரீஷியன் வேலை தெரியும். லைசென்ஸ்தான் கிடையாது. எட்டு வருஷமாகச் சொல்லிச் சொல்லி என் வாய் வலித்ததுதான் மிச்சம். கடைசியில் நானே திண்டிவனத்து கம்ப்யூட்டர் சென்டரில் உட்கார்ந்து வயர்மேன் தேர்வுக்கு விண்ணப்பம் போட்டேன். சனிக்கிழமை விழுப்புரத்தில் தேர்வு. அதுவரை இந்த மனுஷன் எந்த வம்பிலும் மாட்டாமல் இருக்க வேண்டுமே என்று மயிலம் முருகனை வேண்டிக்கொண்டிருந்தேன்.

அதற்கு முந்தின ஞாயிறு கூட்டேரிப்பட்டில் என் தம்பி தென்னரசு மகனுக்குக் காது குத்து. தம்பி வீட்டு மீட்டர் ஒரு கிரைண்டருக்கே திணறும். எங்கள் ஊர்ப்பக்கம் விசேஷம் என்றால் தெருக் கம்பியில் கொக்கி மாட்டிக் கரண்ட் எடுப்பார்கள். வாழைமரம் கட்டுவது போல அதையும் ஒரு சடங்காகவே வைத்திருக்கிறார்கள்.

"பரிச்ச முடியிற வரைக்கும் கொக்கி வேணாங்க. கேஸ் கீஸ் ஆச்சுனா லைசென்ஸ் அவ்ளோதான்" என்றேன்.

"ஒரு நாளு கூத்துக்கு எவன் வரப் போறான் அம்பிகா? பேஜாரு பண்ணாத" என்று ஏணியில் ஏறிவிட்டார்.

அது போதாதென்று வாசலில் பத்தடி பேனர். காது குத்திக்கொள்ளும் பிள்ளையின் படம் ஓர் ஓரத்தில் தீப்பெட்டி அளவு. நடுவில் கறுப்புக் கண்ணாடி போட்டு, கையில் டெஸ்டரோடு என் வீட்டுக்காரர். 'மின்னொளி வேந்தர் சேட்டு' என்று எழுதி, கீழே செல் நம்பர். திருட்டுக் கரண்ட் எடுத்துவிட்டு விலாசமும் கொடுத்த ஆள் இந்த ஜில்லாவிலேயே இவர் ஒருவராகத்தான் இருக்கும்.

பத்து மணி வாக்கில் என் மகள் அஸ்வினி வந்தாள். "அம்மா, பந்தக் கம்பியத் தொட்டா கை சுர்ருன்னுது."

"உன்ன யாரு அதத் தொடச் சொன்னது? செருப்பப் போட்டுக்கினு போயி தாம்பாளத்த எடுத்தா" என்று விரட்டினேன்.

கொஞ்ச நேரத்தில் ஈபி ஜீப் வந்து நின்றது. தெருவில் வோல்டேஜ் இல்லை என்று யாரோ போன் போட்டிருக்கிறார்கள். உதவிப் பொறியாளர் மலர்விழி மேடம் இறங்கினார், கூடவே ஒரு லைன்மேன். அவர்களைக் கண்டதும் சேட்டுவைக் காணோம்.

என் தம்பிக்கு அப்போதுதான் பேனர் ஞாபகம் வந்தது. "போட்டோ! எல்லாரும் போட்டோக்கு வாங்க, ஜல்தி!" என்று கத்தினான். சொந்தபந்தம் மொத்தமும் பேனரை மறைத்து நின்று இளித்தது. குள்ளமானவர்களை நாற்காலி மேல் ஏற்றினார்கள். மொட்டை அடித்த பிள்ளை யார் கையிலோ அழுதது.

மேடம் போட்டோவைப் பார்க்கவில்லை. கொக்கியிலிருந்து இறங்கிய வயரையே பார்த்துக்கொண்டு வந்தார். அது பந்தலின் இரும்புக் கம்பியில் உரசிய இடத்தில் டெஸ்டரை வைத்தார். சிவப்பாக எரிந்தது.

"தள்ளுங்க எல்லாரும்! யாரும் கம்பியத் தொடாதீங்க!"

லைன்மேன் நீளக் கழியால் கொக்கியை எடுத்தார். ஸ்பீக்கர் பாட்டு பாதியில் நின்றது. என் பிள்ளை தொட்ட கம்பி. நான் தாம்பாளம் எடுக்க விரட்டிய பிள்ளை.

"யாரு இந்த வேலையப் பண்ணது? கரண்டு திருட்டு. நூத்தி முப்பத்தஞ்சாவது செக்‌ஷன், மூணு வருஷம் வரைக்கும் ஜெயிலு" என்றார் மேடம்.

"வெளியூரு ஆளு மேடம். மாட்டிட்டு திருவக்கரை கோயிலுக்குப் போய்ட்டான்" என்றான் தம்பி, தலையைக்கூடச் சொறியாமல்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் தேர்வாவது லைசென்ஸாவது. போனை எடுத்து என் வீட்டுக்காரர் நம்பரை அழுத்தினேன்.

சமையல் கொட்டகையில் சேவல் கூவியது. அதுதான் அவருடைய ரிங்டோன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பெண்களுக்கு நடுவே, தலையில் துண்டைப் போட்டு உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணுக்கு மீசை இருந்தது. கண்ணெல்லாம் தண்ணீர், பாதி வெங்காயத்தால், பாதி பயத்தால்.

கூட்டம் வேடிக்கை பார்க்க ஓடியது. மறைக்க ஆளில்லாமல் பேனர் தனியாக நின்றது. மேடம் நிதானமாக வாசித்தார்.

"மின்னொளி வேந்தரே, லைசென்ஸ் இருக்கா?"

"சனிக்கிழம பரிச்சைங்க மேடம்."

"மொத தடவங்கறதால நீயும் இந்த வீட்டு ஓனரும் சமரசத் தொகை கட்டி முடிச்சிக்கலாம். அந்தச் சலுகை ஒரு தடவதான். அடுத்து கோர்ட்டுதான்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் சேட்டு கேட்டார்: "கட்டின பொண்டாட்டியே மாட்டி விட்டியேடி?"

"அஸ்வினி அந்தக் கம்பியத் தொட்டாய்யா. கை சுர்ருன்னுதுன்னு எங்கிட்ட வந்து சொன்னா."

திண்டிவனம் வரும்வரை மகளின் உள்ளங்கையைப் பிடித்துக்கொண்டே வந்தார்.

சனிக்கிழமை தேர்வு எழுதிவிட்டு வந்தவரிடம், "எப்டி எழுதின?" என்றேன்.

"கொக்கி போட்டா இன்னா தண்டனன்னு கேட்டிருந்தான். அதுக்கு மட்டும் பேப்பர் பத்தல."

சொல்லிவிட்டு, சாப்பிடாமல்கூட, கடப்பாரையோடு கொல்லைக்குப் போனார். ஊரெல்லாம் வயர் இழுத்த மகானின் வீட்டில் பதின்மூன்று வருஷமாக எர்த் கிடையாது; செருப்பில்லாமல் ஃபிரிட்ஜைத் தொட்டால் ஷாக் அடிக்கும். குழி வெட்டி, பைப் இறக்கி, கரியும் உப்பும் போட்டார். அஸ்வினி குடத்தால் தண்ணீர் ஊற்றினாள்.

"முடிஞ்சிது. இனிமே ஃபிரிட்ஜ தைரியமாத் தொடலாம்" என்றார்.

நானும் அஸ்வினியும் செருப்பு போட்டுக்கொண்டு தள்ளி நின்றோம்.

"மொதல்ல நீ தொடு" என்றேன்.