மாதாவுக்குக் கொடுத்த பல்

டப்பாவைத் திறந்ததும் ஜாக்குலினுக்கு முதலில் வந்தது பயம்தான். அது ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை, கோபமாகிப் போச்சு. டப்பா காலி. பல்லில் மாட்டிக்கொள்கிற கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் அச்சு, ரிடெய்னர் என்று டாக்டர் சொல்வது, அதற்குள் இல்லை.

அன்றைக்கு அது அவளுக்கு வேண்டும். கிங்ஸ் சர்க்கிளில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் அவளுக்கு வேலை. கூட வேலை பார்க்கிற ஷ்ருதி மத்தியானம் ஒரு போட்டோ எடுத்துக் கடை குரூப்பில் போட்டிருந்தாள். அதில் ஜாக்குலின் சிரிக்கிறாள், இடது பக்கத்து முன்பல் லேசாகத் தலையை நீட்டுகிறது. பள்ளிக்கூடத்தில் அவளுக்குத் தேங்காய்த்துருவி என்று பேர் வாங்கிக் கொடுத்த அதே பல். ரெண்டு வருஷம் கிளிப் போட்டு, கம்பி குத்தி, உதடு புண்ணாகி, ரசஞ்சோறாக் கரைத்துக் குடித்து உள்ளே தள்ளின பல். அது பாட்டுக்குத் திரும்பி வருதே என்று பஸ்ஸைப் பிடித்து ஓடி வந்திருக்கிறாள். வந்து பார்த்தால் இது.

தாராவியில் ஒற்றை அறை வீடு. எதை எங்கே வைத்தாலும் யாராவது எடுத்து வேறெங்காவது வைப்பார்கள். மாதா படம் இருக்கிற தட்டில் மட்டும் யாரும் கைவைக்க மாட்டார்கள் என்றுதான் டப்பாவை அங்கே வைத்திருந்தாள்.

"யம்மா, இதுக்குள்ள இருந்தது எங்க?"

சேசம்மாள் குழம்பைக் கிண்டிக்கொண்டே திரும்பினாள். முகத்தில் அப்படியொரு நிறைவு. "அந்தப் பிளாஸ்டிக் பல்லா? மாதாவுக்குக் குடுத்துட்டேன் ட்டி. நேத்து பாந்த்ரா திருவிழாவுக்குப் போனேன்லா, அப்பம்."

செப்டம்பரில் வருகிற பாந்த்ரா மலை மாதா திருவிழாவில் கால் வலி தீர்ந்தவர்கள் மெழுகுக் கால் வாங்கி வைப்பார்கள். கை சரியானவர்கள் மெழுகுக் கை, வீடு வேண்டுகிறவர்கள் மெழுகு வீடு. மகளுக்குக் கிளிப் போட்ட அன்றைக்கு, பிள்ளை வாயைத் திறக்க முடியாமல் அழுததைப் பார்த்துவிட்டு சேசம்மாள் நேர்ந்திருந்தாள்: மாதாவே, எம்பிள்ளைக்குப் பல்லு நேரானா உனக்கு ஒரு பல்லு வைக்கேன். நேற்றைக்கு வரிசையாக எல்லாக் கடையிலும் கேட்டுப் பார்த்தாள். முழுத் தலை இருந்தது, பல் மட்டும் தனியாக எவனிடமும் இல்லை. இருக்கவே இருக்கு என்று, கடையில் மாதிரி காட்டப் பையில் கொண்டுபோயிருந்த இதையே எடுத்து வைத்துவிட்டாள். மகளுடைய பல்லின் அச்சே இருக்கும்போது மெழுகு எதுக்கு?

"உனக்கு மூளைன்னு ஒண்ணு இருக்கா?" என்றாள் ஜாக்குலின்.

"முடிஞ்சிட்டுன்னு நீதானட்டி சொன்ன. டப்பாவும் மாதாட்டத்தான் இருந்துச்சு. நீ குடுக்கத்தான் வச்சிருக்கன்னு நெனச்சேன்."

"கேக்க வாய் இல்லையா? அதப் போட்டாத்தான் பல்லு நிக்கும். இல்லன்னா எல்லாம் பழையபடி வந்துரும். ரெண்டு வருஷம் நான் பட்ட பாட்டையெல்லாம் தூக்கிக் கச்சடால போட்டுட்டு வந்திருக்க. படிக்காத மூதேவி."

பெற்ற தாயை மூதேவி என்றாள். தோல் பட்டறையிலிருந்து அப்போதுதான் வந்து பனியனோடு உட்கார்ந்திருந்த அப்பா ஞானசேகரன், "ஏய், வார்த்தைய அளந்து பேசு" என்றார். அவள் அளக்கவில்லை. என் வாழ்க்கைய நாசம் பண்ணிட்ட என்றாள். மீதி சொன்னதையெல்லாம் எழுதினால் எழுதுகிற எனக்குத்தான் கேவலம். வாசலில் தண்ணீர்க் குடம் வைக்க வந்த பக்கத்து வீட்டு ஜுவைரியா, குடத்தைக் கீழே வைக்காமலே திரும்பிப் போய்விட்டாள்.

சேசம்மாள், "தெரியாமச் செஞ்சிட்டேன் ட்டி, மன்னிச்சுக்கோ" என்றாள். அன்று இரவு சாப்பிடவில்லை. மறுநாள் செவ்வாய்க்கிழமை விடிந்ததும் திரும்ப பாந்த்ராவுக்குப் போய் மலையேறி, காணிக்கைகளை ஒதுக்குகிற இடத்தில் இருந்தவர்களிடம் தன் அரைகுறை ஹிந்தியில் கெஞ்சினாள். அவர்கள் பாவம், இன்னும் உருக்கப் போகாத மூட்டைகளை அவிழ்த்துக் காட்டினார்கள். மெழுகுக் கையும் காலும் குழந்தையும் ஒவ்வொன்றாக எடுத்து வைத்து மத்தியானம் வரைக்கும் தேடினாள். கிடைக்கவில்லை. நகக்கண்ணெல்லாம் மெழுகோடு வீட்டுக்கு வந்து, "இன்னொருக்க மன்னிச்சுக்கோ ட்டி" என்றாள்.

ஜாக்குலின் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். புதனும் அப்படியே போச்சு. மூன்று நாளாக சேசம்மாள் டீயைத் தவிர வேறொன்றும் வாயில் வைக்கவில்லை. அதைப் பார்த்தும் மகளுக்கு இரக்கம் வரவில்லை, இன்னும் எரிச்சல்தான் வந்தது. செய்வதையும் செய்துவிட்டு நாடகம் வேறயா என்று நினைத்தாள்.

வியாழக்கிழமை மாட்டுங்காவில் டாக்டர் சாருலதாவைப் பார்க்கப் போனார்கள். கிளிப் போட்ட நாளிலிருந்து சேசம்மாள் எப்போதும் வெளியேதான் உட்காருவாள். உள்ளே பேசுவது இங்கிலீஷ், தனக்கென்ன புரியப் போகிறது என்று நினைப்பு. அன்றைக்கு ஜாக்குலினே கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். செய்த காரியத்தை டாக்டர் வாயால் இவள் கேட்கட்டும்.

நாற்காலியில் சாய்வதற்கு முன்னாலேயே ஆரம்பித்தாள். "ஞாயித்துக்கிழமை இவங்க அத எடுத்துட்டுப் போயி மாதா கோயில்ல வச்சிட்டாங்க டாக்டர். வேண்டுதலாம். அதுலருந்து பல்லு இப்படி வருது."

சாருலதா சிரிக்கவில்லை. வாயைத் திறக்கச் சொல்லி, விளக்கை இழுத்து, பல்லைத் தொட்டுப் பார்த்தாள். கிளிப் கழற்றின அன்றைக்கு எடுத்து வைத்திருந்த பிளாஸ்டர் அச்சோடு வைத்து ரெண்டு தரம் பார்த்தாள்.

"ஞாயித்துக்கிழமையா?"

"ஆமா டாக்டர்."

"நாலு நாள்ல பல் இவ்ளோ நகராது ஜாக்குலின். ரெண்டு மூணு மாசமாவது நீ போட்டுக்காம இருந்திருக்கே. இவா கொண்டுபோய்க் கொடுக்காம இருந்திருந்தாலும், அந்த ரிடெய்னர் இன்னிக்கு உன் வாயில ஏறாது. எப்போலேருந்து போட்டுக்கலை?"

ஜூனிலிருந்து. எச்சில் ஊறுகிறது, காலையில் பல் கவ்விப்பிடித்த மாதிரி இருக்கிறது, கண்ணாடியில் பார்த்தால் நேராகத்தானே இருக்கிறது என்று ஒரு நாள் விட்டாள். அப்புறம் ஒரு வாரம். அப்புறம் டப்பா மாதா தட்டில் தூசி பிடித்துக் கிடந்தது.

"மழை ஆரம்பிச்சப்ப" என்றாள் சின்னக் குரலில்.

டாக்டருக்குக் கோபம் சுர்ரென்று ஏறிவிட்டது. "கிளிப்பை எடுத்த அன்னிக்கே படிச்சுப் படிச்சுச் சொன்னேனோ இல்லையோ? பல் நேரா வந்துடுத்து, ஆனா அதைப் பிடிச்சுண்டிருக்கிற எலும்பு இறுகறதுக்கு நாளாகும், அதுவரை விட்டா பழைய இடத்துக்கே போகும்னேன். ராத்திரி தினம் போட்டுக்கணும், வருஷக்கணக்காப் போட்டுக்கணும்னேன். ஆத்துல சொன்னியா?"

ஜாக்குலின் சொல்லவில்லை. அன்றைக்கு வெளியே வந்து, "முடிஞ்சிட்டா ட்டி?" என்று கேட்ட அம்மாவிடம், எல்லாப் பல்லும் தெரியச் சிரித்து, "முடிஞ்சிட்டும்மா" என்றுதான் சொன்னாள்.

"திரும்பக் கம்பி போடணும். ஆறு மாசம், கூடவும் ஆகலாம்" என்று சொல்லிவிட்டு சாருலதா கையுறையைக் கழற்றி எறிந்தாள்.

சேசம்மாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். டாக்டர் பேசினது தமிழ். ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது.

வெளியே வந்து அவள் பஸ் ஸ்டாப் பக்கம் திரும்பவில்லை. விறுவிறுவென்று நடந்து, கிங்ஸ் சர்க்கிள் மூலையில் இருந்த ஹோட்டலுக்குள் நுழைந்து மேஜையில் உட்கார்ந்தாள். ஜாக்குலின் பின்னாலேயே போய் எதிரில் உட்கார்ந்தாள்.

"தோ பிளேட் இட்லி. ஏக் வடா" என்றாள் சேசம்மாள்.

தட்டுகள் வந்தன. ஜாக்குலின் ஒன்றைத் தன் பக்கம் நகர்த்தக் கை நீட்டினாள். சேசம்மாள் அதையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"ரெண்டும் எனக்கு. மூணு நாளாப் பட்டினி கெடக்கேன்."

நிதானமாகப் பிட்டு, சாம்பாரில் தோய்த்து, மென்று சாப்பிட்டாள். முதல் தட்டைக் காலி பண்ணினாள். அப்புறம் நிமிர்ந்து மகளை நேராகப் பார்த்தாள்.

"மூதேவின்னு சொன்ன. நான் கேட்டுக்கிட்டேன், ஏன்னா தப்பு எம்மேலன்னு நெனச்சேன். தெருவே கேட்டுச்சு. ரெண்டு தடவ மன்னிப்புக் கேட்டேன், மூஞ்சியத் திருப்புன. நீ போடாமக் கெடந்தது உனக்குத் தெரியுமா தெரியாதா?"

"தெரியும்."

"தெரிஞ்சேதான் என்னைய ஏசியிருக்க."

ஜாக்குலினுக்குக் கண் நிறைந்துவிட்டது. நாக்கு தன்பாட்டுக்கு அந்தப் பல்லைத் தேடிப் போய்த் தொட்டது. "மன்னிச்சிரும்மா" என்றாள்.

சேசம்மாள் ரெண்டாவது தட்டை முன்னால் இழுத்தாள்.

"டாக்டரம்மா சொன்ன பொறவுதான் இது வருது. அவ சொல்லலன்னா இன்னைக்கும் நாந்தான் மூதேவி. இப்ப எங்கிட்டப் பேசாத. நான் சாப்பிடுதேன்."