இருபத்துமூன்றாம் எண் சீட்டு

வருடக் கடைசி விடுமுறைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது எங்கள் அலுவலக அறிவிப்புப் பலகையில் சீட்டுகள் குத்தப்படும். வீட்டில் அடி உதை தாங்காமல் ஓடிவந்த அம்மாக்களும் பிள்ளைகளும் தங்கியிருக்கும் இல்லம் ஒன்று உண்டு. அது எங்கே இருக்கிறது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது, தெரியவும் கூடாது. சீட்டில் பெயர் இருக்காது. ஒரு எண், வயது, பையனா பெண்ணா, என்ன வேண்டும் என்று பிள்ளை சொன்ன ஒரு வரி. ஆளுக்கு ஒரு சீட்டை எடுத்துக்கொண்டு போய், பொருளை வாங்கி வந்து, தபால் அறையில் என்னிடம் ஒப்படைக்க வேண்டும். இல்லத்து வண்டி வந்து அள்ளிக்கொண்டு போகும்.

தபால் அறை லிஃப்ட்டுக்குப் பின்னால் இருக்கிறது. ஜன்னல் கிடையாது. பதினெட்டு வருடமாக அங்கேதான் குப்பை கொட்டுகிறேன்.

இல்லத்து மேடம் வருடா வருடம் வந்து விதிகளைச் சொல்லுவார். பழைய பொருள் கூடாது. வண்ணத்தாள் சுற்றக் கூடாது, அதை அங்கே அம்மாக்கள் சுற்றுவார்கள். அம்மா வாங்கித் தந்ததாகத்தான் பிள்ளைக்குத் தெரிய வேண்டும். கடிதம் கூடாது, கடை ரசீது கூடாது, இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும் கைக்கடிகாரம், ஃபோன் எதுவும் கூடாது. சீட்டைப் பார்த்து யார் பிள்ளை என்று தெரிந்துவிட்டால் உடனே தனக்குச் சொல்லிவிட வேண்டும். எல்லோரும் தலையை ஆட்டுவோம். மறுநாளே கணக்குப் பிரிவு அம்மாள் ஒற்றைக் காது கரடியோடு வந்து நிற்பார்.

"எம் பொண்ணு வச்சு விளையாடினது. ரொம்ப ராசியானது."

"அப்ப உங்க பொண்ணுகிட்டயே இருக்கட்டும்" என்று திருப்பிக் கொடுத்தேன். அவர் இன்னமும் என்னோடு பேசுவதில்லை. நல்லதுதான்.

மேலாளருக்கு அந்தக் கவலை இல்லை. அவருக்குப் பிள்ளைகள் பரிசோடு சிரிப்பது போல ஒரு ஃபோட்டோ வேண்டும். "முகம் தெரியாம எடுத்தாக்கூடப் பரவால்ல மேடம்" என்று இந்த வருடமும் கேட்டார். முகம் தெரியாமல் சிரிப்பை எப்படி எடுப்பது என்று நான் கேட்கவில்லை. வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ளும் வயது தாண்டிவிட்டது.

முத்திரை குத்தும் ஆளை நாங்கள் ஸ்டாம்பு என்று கூப்பிடுவோம். அவன்தான் வந்து சொன்னான். "பலகையைப் பாத்தீங்களா அக்கா? ஒரு குழந்தை எடை மெஷின் கேட்டிருக்கு. இப்பவே கடை வைக்கப் போகுது போல." எல்லோரும் சிரித்தார்கள். நான் எழுந்து போய்ப் பார்த்தேன்.

எண் 23. பெண், ஏழு வயது. பார்சல் ஆபீஸில் இருக்கிற எடை மெஷின். பொம்மை இல்லை, நிஜமானது. நம்பர் சிவப்பாக வர வேண்டும்.

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. கதைகளில் சொல்வது போலக் கண் இருட்டவில்லை, அழுகை வரவில்லை. மின்சாரம் போனதும் சில வீடுகளில் ஒரு சத்தமின்மை வரும் இல்லையா, அப்படி இருந்தது. சீட்டைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டேன்.

பாப்பா என் தம்பி மகள். பள்ளி லீவு நாட்களில் அவளை என்னோடு தபால் அறைக்குக் கூட்டி வருவேன். எடை மெஷினை விட்டு நகர மாட்டாள். ரப்பர், சீப்பு, தன் செருப்பு, ஸ்டாம்புவின் மூக்குக்கண்ணாடி என்று எல்லாவற்றையும் நிறுத்துப் பார்ப்பாள். ஒருநாள் மேஜை மேல் குனிந்து தன் தலையையே அதில் வைத்துவிட்டு, "அத்தை, சீக்கிரம் பாருங்க, எவ்ளோ காட்டுது?" என்றாள். மூன்று கிலோ காட்டியது. "உள்ள ஒண்ணும் இல்ல போலிருக்கே" என்றேன். அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை.

அவளைப் பார்த்துப் பத்து மாதம் ஆகிறது. காரணம் நான்தான்.

என் தம்பி வெளியில் தங்கமான மனிதன். வீட்டுக்குள் அவன் கை நீளும் என்பதை நான் நெடுநாள் கண்டும் காணாமல் இருந்தேன். பத்து மாதத்துக்கு முன் அவன் மனைவி பாப்பாவைத் தூக்கிக்கொண்டு ஒரு தோழி வீட்டுக்குப் போய்விட்டாள். எனக்கு மட்டும் ஃபோன் செய்தாள். "அண்ணி, உங்களை நம்பித்தான் சொல்றேன். அவர்கிட்ட சொல்லிடாதீங்க." மூன்று நாள் சொல்லவில்லை. நாலாம் நாள் அவன் என் சமையலறையில் தரையில் உட்கார்ந்து அழுதான். "சும்மா தூரத்துல இருந்து பாப்பாவைப் பாத்துட்டு வந்துடறேன்க்கா." தெருப் பெயரைச் சொன்னேன். பிரிந்த குடும்பத்தைச் சேர்த்துவைப்பதாக எனக்குள் ஒரு பெருமைகூட இருந்தது. அவன் போய் மனைவியின் மணிக்கட்டை இரண்டு இடத்தில் உடைத்தான். பாப்பா பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாள். ஆஸ்பத்திரியிலிருந்து அம்மாவும் மகளும் எங்கே போனார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. வழக்கு நடக்கிறது. அது முடியும்வரை தம்பி ஜாமீனில் என் வீட்டில் இருக்கிறான். நான் அவனைத் துரத்தவும் இல்லை, மன்னிக்கவும் இல்லை. சாப்பாடு போடுகிறேன்.

சீட்டைப் பார்த்த அன்றே மேடத்திடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சொன்னால் சீட்டைப் பிடுங்கிக்கொள்வார்கள். ஒரே ஒரு பொருள், அதுவும் அம்மா வாங்கித் தந்ததாகத்தானே போகப்போகிறது, அதை வாங்கும் கை மட்டும் என்னுடையதாக இருந்தால் என்ன கெட்டுவிடும் என்று நினைத்தேன். பார்சல் சாமான் விற்கும் கடைக்குப் போய், சிவப்பு எண் வரும் மெஷினாகப் பார்த்து வாங்கி, அலுவலகத்திலேயே வைத்தேன். வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. அந்த அளவுக்குப் புத்தி இருந்தது.

ஆனால் பதினெட்டு வருடப் பழக்கம் ஒன்று இருக்கிறது. என் கையைத் தாண்டிப் போகும் எதற்கும் ஒரு நகல் எடுத்து வைக்காமல் என்னால் இருக்க முடியாது. மேலாளரின் திருமண நாள் வாழ்த்தட்டைக்குக்கூட நகல் எடுத்தவள் நான். சீட்டை மெஷினோடு ஒட்டுவதற்கு முன் கை தானாக நகல் எடுத்தது. அதை மடித்துச் சாப்பாட்டுப் பையில் போட்டிருக்கிறேன். போட்ட ஞாபகம்கூட இல்லை.

எங்கள் வீட்டில் டப்பா கழுவுவது தம்பி. நான் சொன்னேனே, தங்கமான மனிதன்.

கை ஈரத்தோடு அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றான். "இது என்னக்கா?"

"ஆபீஸ்ல பரிசு வாங்கித் தர்றோம். யாரோ ஒரு குழந்தை."

"ஏழு வயசு" என்றான். மறுபடி படித்தான். அவன் குரல் உடைந்துவிட்டது. "உன் ரூம்ல இருக்குமே, அந்த மெஷின். அது பாப்பாதானேக்கா?"

தாளை அவன் கையிலிருந்து பிடுங்கினேன். அதுவே அவனுக்குப் போதுமானதாக இருந்தது.

"வண்டி என்னிக்கு வரும்?"

"தெரியாது."

"சண்டைக்கு எல்லாம் போக மாட்டேன். சும்மா தூரத்துல இருந்து பாத்துட்டு வந்துடறேன்."

அதே வார்த்தைகள். ஒரு சொல்கூட மாறவில்லை. அவனுக்கே அது தெரியவில்லை என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் காலை, கேட்காமலே என்னை பைக்கில் கொண்டுவந்து விட்டான். விட்டவன் போகவில்லை. எதிர்ப்பக்கம் மருந்துக்கடை வாசலில் பைக்கை நிறுத்தி அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டான். பதினொரு மணிக்குப் போய்ப் பார்த்தேன், இருந்தான். கை காட்டினான். அன்று மூன்று மணிக்கு வண்டி வர வேண்டும். பக்கவாட்டில் பெரிய எழுத்தில் ஒன்றும் எழுதியிருக்காது. ஆனால் ஐம்பது பொம்மைகளை ஏற்றிக்கொண்டு போகும் வண்டியைக் கண்டுபிடிக்கப் பெரிய மூளை எதுவும் வேண்டாம்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கரடிகளையும் புதிர் அட்டைகளையும் பெட்டிகளில் அடுக்கினேன். ரசீது இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் துழாவினேன். ஒன்றரை மணிக்குப் படிக்கட்டில் ஆள் இல்லாத இடமாகப் பார்த்து நின்று, அறிவிப்பில் இருந்த எண்ணுக்கு ஃபோன் செய்தேன்.

"வண்டியை அனுப்பாதீங்க மேடம். வாசல்ல எந் தம்பி நிக்கிறான். இருபத்துமூணாம் நம்பர் அவனோட பொண்ணு."

மேடம் பதறவில்லை. இதற்கென்றே பழகிய குரல். என்ன நடந்தது என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன், நகல் எடுத்ததையும் சேர்த்து.

"எப்ப உங்களுக்குத் தெரிஞ்சது?"

"எட்டு நாளாச்சு."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

"அவங்களை இன்னிக்கே வேற ஊருக்கு மாத்தணும்" என்றார். "அந்த மெஷினை அனுப்ப வேண்டாம். மத்ததை வேற யாராவது வந்து எடுத்துப்பாங்க."

"பாப்பாவுக்கு வேற ஏதாவது..."

"பாத்துக்கறோம்." பிறகு என் பெயரைக் கேட்டார். சொன்னேன். தட்டெழுதும் சத்தம் கேட்டது, நின்றது. அதன்பின் குரல் மாறிவிட்டது.

"எங்ககிட்ட சேரும்போது எல்லார்கிட்டயும் ஒண்ணு கேப்போம். நீங்க இங்க இருக்கறது யாருக்கெல்லாம் தெரியக் கூடாதுன்னு. அந்தப் பொண்ணோட அம்மா ரெண்டு பேரை எழுதியிருக்காங்க."

"அவனும் நானுமா?"

"உங்க பேர்தான் மொதல்ல இருக்கு."

படிக்கட்டில் உட்கார்ந்தேன். சிமெண்ட் குளிர்ந்திருந்தது. வலித்தது என்று சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் வலிக்கவில்லை. சரியான விலாசத்துக்கு வந்து சேர்ந்த தபாலைக் கையெழுத்துப் போட்டு வாங்குவது போல வாங்கிக்கொண்டேன்.

மேடத்துக்கு என் மேல் இரக்கம் வந்துவிட்டது போல. "இன்னிக்கு நீங்களா கூப்பிட்டுச் சொன்னீங்க. அதை அவங்ககிட்ட சொல்றேன். உங்க பேரை எடுத்துடலாமான்னும் கேட்டுப் பாக்கறேன். மனசு மாறலாம்."

பாப்பா "அத்தை" என்று கூப்பிடுவது காதில் விழுந்தது. விழுந்தது என்பது பொய். விழ வேண்டும் என்று இருந்தது.

"எடுக்க வேண்டாம் மேடம்."

"ஏன்?"

"அவன் அழுதா நான் சொல்லிடுவேன். என்னை எனக்குத் தெரியும். எந்த ஊர்னுகூட எங்கிட்ட சொல்லிடாதீங்க."

ஐந்தரைக்கு வேலை முடிந்து வெளியே வந்தேன். தம்பி காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை போல, முகம் வாடியிருந்தது. "வண்டி வரலியேக்கா?" என்றான்.

"வராது."

"நீ சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

கையை ஓங்குவான் என்று நினைத்தேன். அக்காமேல் அவன் இதுவரை கை வைத்ததில்லை. ஓங்கவில்லை. மருந்துக்கடை வாசலில், போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்க்க, பைக்கின் மேல் குனிந்து குலுங்கிக் குலுங்கி அழுதான். "எங்க இருக்காங்கன்னு மட்டும் சொல்லுக்கா. ஒரே ஒரு தடவை."

தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன்.