நாலாம் மாடி மீன் தொட்டி

மச்சானுக்கு இரங்கல் கூட்டமும், மொட்டைமாடியில் சூரியத் தகடுகளின் தொடக்க விழாவும் ஒரே மாலையில் நடந்தன. இரண்டுக்கும் தனித்தனியாக மைக் ஓட வேண்டாம் என்று கட்டடத்துக்காரர்கள் முடிவு செய்திருந்தார்கள். அந்த ஒரு முடிவை மட்டும் அவர் மெச்சியிருப்பார். மின் கூட்டுறவுச் சங்கத் தலைவர் எழுந்து, "தன்னையே உருக்கி நமக்கு ஒளி தந்த மெழுகுவர்த்தி" என்றார். மச்சான் முன்வரிசையில் இருந்திருந்தால், மெழுகுவர்த்தியில் வெளிச்சமாக வருவது ஒரு சொட்டு, மிச்சம் முழுக்கச் சூடாகப் போகிறது, அதைவிட ஊதாரியான விளக்கு கிடையாது, பேசுவதற்கு முன் யாரையாவது விசாரிக்கக் கூடாதா என்று கேட்டிருப்பார். தலைவர் கைதட்டல் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். என் மனைவி, அதாவது மச்சானின் தங்கை, என் பக்கம் சாய்ந்து, "இவர் யாரைப் பத்திங்க பேசுறார்?" என்றாள்.

எனக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தவரைப் பற்றி எழுதிவைக்கிறேன்.

மச்சான் முப்பத்தொரு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "பெட்டிக்குள்ள மாட்டிக்கிட்டவங்களை வெளிய எடுக்கிறது என் தொழில். நானே போய் மாட்டிக்கவா" என்பார். எங்கள் கட்டடத்தில் நான்கு மாடி, பதினாறு வீடு. நாலாம் மாடியில் அவர் வீடும் எங்கள் வீடும் எதிரெதிர். ஓய்வு பெற்ற பிறகு, அவர் திறந்துவிடுவதற்குப் பெட்டிக்குள் மாட்டிக்கொண்ட ஆள் இல்லாமல் போனது. அந்த நேரம் பார்த்துச் சங்கம் ஓர் அறிவிப்பை ஒட்டியது. எந்தக் கட்டடம் மூன்று மாதத்தில் மின்சாரச் செலவை நாலில் ஒரு பங்கு குறைக்கிறதோ, அதன் மாடியில் சங்கமே சூரியத் தகடு போட்டுத் தரும்.

யாரும் அவரைத் தலைமை தாங்கக் கூப்பிடவில்லை. அவர் கையகலத்தில் ஒரு பிளக் மீட்டரோடு கிளம்பினார். அதைச் சுவர் பிளக்கில் சொருகி, அதன் மேல் எந்தச் சாமானை மாட்டினாலும், அது எத்தனை வாட் தின்கிறது என்று காட்டும். வீடு வீடாகப் போய்க் காய்ச்சல் பார்ப்பதுபோல் ஃப்ரிட்ஜுக்கும் டிவிக்கும் பார்த்தார். முதல் மாடி சலூன்காரரிடம், "உங்க ஃப்ரிட்ஜ் கதவு ரப்பர் செத்துப்போச்சு. நீங்க தெருவையே குளிர வச்சிட்டிருக்கீங்க" என்றார். இரண்டாம் மாடி தையலம்மாவிடம், "அயர்ன் பாக்ஸைப் போட்டுட்டு போன்ல பேசப் போயிடுறீங்க. அது உங்களுக்காகக் காத்திருக்காது, எரிஞ்சுக்கிட்டே இருக்கும்" என்றார்.

"நான் போன்ல மனுஷங்ககிட்டப் பேசுறேன், லிஃப்ட்காரரே. உங்களை மாதிரி மீட்டரோட குடும்பம் நடத்தலை" என்றாள் அவள்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் மாடிப்படி அடியில் இருந்த பலகையில் ஒவ்வொரு வீட்டின் யூனிட்டையும் சாக்பீஸால் எழுதினார். எண்ணோடு நிறுத்தியிருந்தால் அவர் மச்சானாக இருந்திருக்க மாட்டார். பக்கத்தில் இரண்டு வரி வசையும் இருக்கும். முதல் கூட்டத்திலேயே ஒரு விதியும் போட்டார்: எந்த வீட்டையும் யாரும் சொல்லாமல் வந்து சோதனை போடலாம்.

"குளிச்சிட்டிருக்கும்போது வந்தா?" என்றார் சலூன்காரர்.

"ஹீட்டர் போட்டுக் குளிச்சீங்கன்னா, கண்டிப்பா அப்பதான் வருவோம்."

அவரைத் திட்டிக்கொண்டே எல்லோரும் குறைத்தார்கள். அவர் வாயில் விழக் கூடாது என்ற ஒரே காரணத்துக்காகப் பதினாறு வீட்டிலும் பல்புகள் மாறின, ஹீட்டர்கள் ஓய்ந்தன. முதல் மாதமே ஐந்தில் ஒரு பங்கு இறங்கியது. வேறு கட்டடங்களில் இதற்காகப் பாட்டுப் போட்டி நடத்தினார்களாம். ஒரு யூனிட்கூட இறங்கவில்லை.

இரண்டாம் மாதத் தொடக்கத்தில் அவரை டாக்டரிடம் கூட்டிப்போனேன். நுரையீரல் பாதி லிஃப்ட் குழிகளின் தூசியாலும் பாதி சிகரெட்டாலும் போயிருந்தது. ஆக்சிஜன் மெஷினை வீட்டிலேயே வைத்துக்கொள்ள வேண்டும், இரவு பகலாகக் கழற்றாமல் போட்டுக்கொள்ள வேண்டும் என்றார் டாக்டர். அறைக் காற்றை இழுத்து, ஆக்சிஜனை மட்டும் பிரித்து, குழாய் வழியாக மூக்குக்கு அனுப்பும் பெட்டி அது. போர்வையில் சுற்றி, யாரும் இல்லாத மதிய நேரமாகப் பார்த்து, லிஃப்டில் ஏற்றி வந்தோம். வீட்டுக்குள் வந்ததும் அவர் மூக்கில் குழாயை வைக்கவில்லை. முதலில் மெஷினில் பிளக் மீட்டரை வைத்தார்.

"முந்நூத்து முப்பது வாட், மாப்பிள்ளை. முப்பத்தாறு பல்பு. நான் ஒருத்தன் மூச்சு விட இந்தக் கட்டடத்துல பாதி வெளிச்சம்."

"மச்சான், முதல்ல உட்காருங்க."

"யாருகிட்டயும் சொல்லக் கூடாது. உன் பொண்டாட்டிகிட்டயும்."

"உங்க தங்கச்சிகிட்ட எப்படி மறைக்கிறது?"

"கல்யாணம் ஆகி இருபத்தெட்டு வருஷத்துல நீ எதையுமே மறைக்கலையா? அந்த மாதிரிதான்." குழாயை மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "நோயாளின்னு தெரிஞ்சா ஒருத்தனும் என்கூடச் சண்டைக்கு வர மாட்டான். சண்டை இல்லாம இங்க ஒரு பல்புகூட மாறாது. எனக்கும் வேற வேலை இல்ல. சத்தியம் பண்ணு."

பண்ணினேன்.

அந்த மெஷினில் ஒரு தண்ணீர் பாட்டில் உண்டு. காற்று அதன் வழியாகக் கொப்புளம் விட்டுக்கொண்டு போகும். சத்தம் வாசல் வரைக்கும் கேட்கும். என் மனைவி சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தபோது கேட்டாள், "என்னண்ணா உள்ள சத்தம்?"

"மீன் தொட்டி."

"நீங்களா? மீனா? காட்டுங்க."

"வெளிச்சம் ஆகாது அதுக்கு. வெட்கப்படுற ஜாதி."

அவள் திரும்பி வந்து என்னிடம், "அண்ணன் உள்ள யாரையோ வச்சிருக்காருங்க. பொம்பளையா இருந்தாலும் பரவாயில்ல, சொல்லித் தொலைக்கலாம்ல" என்றாள். நான் செய்தித்தாளை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன்.

பலகையில் தன் வீட்டுக்கு நேராக அவர் வழக்கம்போல் பதினைந்து என்றே எழுதினார். வீட்டு மீட்டர்கள் இருந்த கூண்டின் சாவி அவரிடம்தான் இருந்தது. ஆனால் கட்டடம் முழுமைக்கும் ஒரு பெரிய மீட்டர் வெளியே சுவரில் இருந்தது. அதைத் தையலம்மா மறக்கவில்லை. துணியில் அரை விரல் குறைந்தாலும் கண்டுபிடிக்கிறவள்.

"பதினாறு வீட்டையும் லிஃப்டையும் கூட்டினா ஒண்ணு வருது, பெரிய மீட்டர்ல ஒண்ணு வருது" என்றாள் பலகையின் முன்னால் நின்று. "நடுவுல அம்பது யூனிட்டை எது முழுங்குது?"

"எங்கயாவது கம்பியில கசிஞ்சிருக்கும்" என்றார் மச்சான்.

"எந்தக் கம்பி? நாலாம் மாடிக் கம்பியா?"

சலூன்காரர் என்னிடம் தனியாகச் சொன்னார்: "ஏசி போட்டுட்டாரு. நம்மளை ஃபேனைக் குறைக்கச் சொல்லிட்டு உள்ள சில்லுனு படுத்திருக்காரு. அந்தக் குர்ர்ர் சத்தம் வேற என்ன?" நான் அவசரமாகப் படியேறினேன். அதையும் அவர் சாட்சியாக எடுத்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு காலை பதினொரு மணிக்குச் சோதனைக் குழு வந்தது. தையலம்மா, சலூன்காரர், மீனைப் பார்த்துவிடலாம் என்று என் மனைவி. தையலம்மா கையில் புதிதாக வாங்கிய ஒரு பிளக் மீட்டர். நானும் பின்னாலேயே ஓடினேன். கதவு திறக்கக் கொஞ்சம் தாமதமானது. மெஷினை அணைத்து, உள்ளறைக்குத் தள்ளி, மேலே போர்வை போட்டிருப்பார்.

"சோதனை" என்றாள் தையலம்மா.

"வாங்க, வாங்க. செருப்பைக் கழட்டுங்க. மீட்டருக்கு ஷாக் அடிச்சா நான் பொறுப்பில்ல." நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

அவள் டிவி பிளக்கைப் பிடுங்கி, மீட்டரைச் சொருகி, அளந்தாள். சலூன்காரர் ஜன்னல் வழியாக இடுப்பு வரை வெளியே தொங்கி ஏசியின் பெட்டியைத் தேடினார். "விழுந்துடாதீங்க. உங்க எடைக்கு லிஃப்ட் வேற வைக்கணும்" என்றார் மச்சான். ஒரு நிமிடம் கழித்து, "கட்டிலுக்கு அடியில பாருங்க" என்றார். அப்புறம், "அலமாரியில" என்றார். அவருடைய வாக்கியங்கள் சுருங்கிக்கொண்டே வந்ததை நான் மட்டும் எண்ணிக்கொண்டிருந்தேன். உதடு ஊதாவாகத் தொடங்கியது.

"மீன் எங்கண்ணா?" என்றாள் என் மனைவி.

"தூங்குது."

அவர் கைவிரல் நகங்களைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். அசையாதே என்றது அந்தப் பார்வை. ஏழாவது நிமிடம். சத்தியத்தைக் காப்பாற்றினால் ஆள் இருக்க மாட்டார் என்று தோன்றியது. உள்ளே போய்ப் போர்வையை உருவி, மெஷினை உருட்டிக்கொண்டு வந்தேன். அந்தச் சுவரில் இருந்த ஒரே பிளக்கில் தையலம்மாவின் மீட்டர் சொருகியிருந்தது. அதைக் கழற்ற நேரமில்லை. அதன் மேலேயே மாட்டிவிட்டு, குழாயை அவர் மூக்கில் வைத்தேன்.

எல்லோரும் மீட்டரைப் பார்த்தார்கள். முந்நூற்று முப்பது. பாட்டிலில் தண்ணீர் கொப்புளம் விட்டது.

"மீன் தொட்டி" என்றார் சலூன்காரர், மெதுவாக.

என் மனைவி அண்ணன் தோளில் இரண்டு அடி வைத்தாள். பிறகு அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். அழுகைக்கு நடுவில் என்னைப் பார்த்து, "உங்களை அப்புறம் கவனிச்சுக்கிறேன்" என்றாள். கவனித்துக்கொண்டாள். அது வேறு கதை.

"வைத்திய மெஷினை மொத்தத்துல சேர்க்கக் கூடாதுன்னு சங்கத்து விதியிலயே இருக்கே" என்றாள் தையலம்மா. "நீங்கதானே எங்களுக்கு வாசிச்சுக் காட்டினீங்க. ஒரு கடுதாசி எழுதிக் குடுத்தா முடிஞ்சது."

"விதி எனக்குத் தெரியும்" என்றார் மச்சான். மூச்சு திரும்பியிருந்தது. என் பக்கம் கையை நீட்டினார். "சத்தியம் பண்ணவன்." அதோடு என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டார்.

அவர் பயந்தது அப்படியே நடந்தது. மறுநாளிலிருந்து கட்டடத்துக்கு நல்லொழுக்கம் வந்துவிட்டது. அவர் வாசலைக் கடக்கும்போது குதிகால் தரையில் படாமல் நடந்தார்கள். பழம் கொண்டுவந்து வைத்தார்கள். எந்த வீட்டைப் பற்றி என்ன சொன்னாலும், "நீங்க சொன்னா சரிதாண்ணே" என்றார்கள். அப்படிச் சொல்லிவிட்டுப் போய் ஹீட்டரைப் போட்டார்கள். வாயில் விழுவோம் என்ற பயம் போனதும் குறைப்பதற்குக் காரணமும் போய்விட்டது. யூனிட் மறுபடி ஏறத் தொடங்கியது.

பதினோராம் நாள் அவர் வீட்டில் கூட்டம். எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"லிஃப்டை மொத்தமா நிறுத்திடலாம்" என்றார் மச்சான்.

"நல்ல யோசனைண்ணே" என்றார் சலூன்காரர்.

"படிக்கட்டு விளக்கையும் கழட்டிடலாம். இருட்டுல விழுந்து நாலு பேருக்குப் பல்லு உடையட்டும்."

"அப்படியே செஞ்சிடலாம்ண்ணே."

மச்சான் என் பக்கம் திரும்பினார். பதினோரு நாளில் முதல் பேச்சு. "பாத்தியா, மாப்பிள்ளை. என்னைக் கொன்னுட்ட."

அந்த வாரம் அவர் பலகையில் எண்களை எழுதவில்லை. அதற்கடுத்த வாரமும் எழுதவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, ஆள் ஓடவில்லை. எனக்கு என் வீட்டிலும் உட்கார முடியவில்லை, அங்கேயும் உட்கார முடியவில்லை. தையலம்மாவிடம் போனேன். அவர் சத்தியம் கேட்ட கதையை முழுக்கச் சொன்னேன். அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"அதுக்கு நான் என்ன பண்ணணும்? போய் அடிக்கவா?"

"எனக்குத் தெரியலங்க."

"அந்தாளு என்னைப் பத்தி அந்தப் பலகையில எழுதினதை எல்லாம் நீங்க படிச்சிருக்கீங்களா?"

"படிச்சிருக்கேன்."

"அயர்ன் பாக்ஸுக்கும் எனக்கும் காதல்னு எழுதினாரு. என் மருமக அதைப் போட்டோ எடுத்து வச்சிருக்கா." மறுபடி தைக்கத் தொடங்கிவிட்டாள். நான் படியேறி வந்தேன்.

மறுநாள் காலை அவள் நாலாம் மாடிக்கு வந்தாள். பழம் இல்லை. கையில் பிளக் மீட்டர் மட்டும். நானும் என் மனைவியும் எங்கள் வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் நேராக மெஷினுக்குப் போய், மீட்டரை இடையில் மாட்டினாள். பிறகு மெஷின் முதுகில் இருந்த ஸ்பாஞ்சை இரண்டு விரலால் இழுத்து வெளியே எடுத்தாள். சாம்பல் நிறத்தில், எலி செத்ததுபோல் இருந்தது.

"இதை எப்பக் கழுவினீங்க?"

அதை மச்சானின் முதுகுக்கு நேராக ஆட்டினாள்.

"வாரம் ஒரு தடவை கழுவணும்னு இங்கயே படம் போட்டிருக்கு. எழுத்துக்கூட இல்ல, படம். முந்நூத்து நாப்பத்தஞ்சு ஓடுது. மூச்சு விடுறதுக்கு முந்நூத்து முப்பது, தூசி உறிஞ்சுறதுக்குப் பதினஞ்சா? ஊருக்கெல்லாம் ஃப்ரிட்ஜ் துடைக்கச் சொல்லத் தெரியுது."

"அது என் மெஷின்" என்றது சுவர்ப் பக்கத்திலிருந்து ஒரு குரல்.

"மெஷின் உங்களுது. கரண்டு பதினாறு வீட்டுது."

அவர் எழுந்து உட்கார்ந்தார். "உங்க அயர்ன் பாக்ஸ்ல..." மூச்சு வாங்கினார்.

மற்றவர்கள் என்றால் அவர் மூச்சு வாங்கும் இடத்தில் தலையைக் குனிந்துகொண்டு காத்திருப்பார்கள். தையலம்மா காத்திருக்கவில்லை. அந்த இடைவெளியிலேயே தன் பேச்சைச் சொருகினாள். "என் அயர்ன் பாக்ஸ் சம்பாதிக்குது. இது படுத்துத் தூங்குது."

"...தெர்மோஸ்டாட் செத்து..."

"செத்தா எனக்குச் சொல்ல வேண்டியது உங்க வேலை. ரெண்டு வாரமா நீங்கதான் செத்துப் படுத்திருந்தீங்க."

"...ரெண்டு வருஷம் ஆச்சு. குறுக்க பேசாதீங்க."

"குறுக்கதான் பேசுவேன். நீங்க ஒரு வார்த்தைக்கு ஒரு மணி நேரம் எடுத்தா நான் எப்பக் கடை திறக்கிறது?"

மச்சானின் முகத்தில் ரத்தம் ஏறியது. "மாப்பிள்ளை" என்று என்னைக் கத்திக் கூப்பிட்டார். "பலகையை... எடுத்துட்டு வா. எழுது. ரெண்டாம் மாடி."

"எழுதுங்க. நாலாம் மாடிக்கு நான் சொல்றேன், அதையும் எழுதுங்க" என்றாள் அவள், ஸ்பாஞ்சைக் குழாயடியில் பிழிந்துகொண்டே.

சத்தம் கேட்டுக் கீழே கதவுகள் திறந்தன. சலூன்காரர் ஏறி வந்து, "என்னம்மா இது, முடியாத மனுஷன்கிட்ட" என்றார். "உங்க ஹீட்டரை முதல்ல நிறுத்துங்க" என்று இருவரும் ஒன்றாக அவர் மேல் பாய்ந்தார்கள்.

என் மனைவிக்குப் பொறுக்கவில்லை. "அண்ணனுக்கு மூச்சு இழுக்குதுங்க. நான் போய்ச் சமாதானம் பண்றேன்" என்று உள்ளே அடியெடுத்து வைத்தாள். நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன்.